வீட்டை விட்டுப் போன மகன் தங்குமிடத்தில் இருக்கிறான்: நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:

"நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு 19 வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செப்டெம்பரிலிருந்து வகுப்புக்கே போகவில்லை என்பது நவம்பரில்தான் தெரிந்தது. அவனுடைய அப்பா சத்தம் போட்டார், கை ஓங்கினார், 'படிக்காதவனுக்கு என் வீட்டில் இடமில்லை' என்றார். அன்றிரவே ஒரு பையுடன் போய்விட்டான். சில நாட்கள் நண்பன் வீட்டில் இருந்தான். இப்போது இளையோர் தங்குமிடம் ஒன்றில் இருப்பதாக அந்த நண்பன் சொல்கிறான். மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். 'அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாது' என்கிறார்கள். பெற்ற தாய்க்கே மறைக்கிறார்கள். சும்மா சாப்பாடும் படுக்கையும் கொடுத்தால் அவன் ஏன் திரும்பி வரப்போகிறான்? அவனுடைய அப்பா 1990-இல் தனியாக இங்கே வந்து, எட்டுப் பேருடன் பேஸ்மென்றில் படுத்து, இரவில் பாத்திரம் கழுவி முன்னுக்கு வந்தவர். 'எனக்கு யார் உதவினார்கள்? கைபேசிக் கட்டணத்தை நிறுத்து, தானாக வருவான்' என்கிறார். அப்பம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. எனக்கு இரவில் தூக்கமே இல்லை."

— ஒரு தாய், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கைபேசியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றை ஆறுதலாக யோசிக்கலாம், இதை இன்றைக்கே தீர்மானிக்க வேண்டும். அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். உங்கள் மகன் இருக்கும் நிலையில் அவனுக்கென்று மாறாமல் இருப்பது அந்த எண் ஒன்றுதான். தங்குமிடத்துப் பணியாளர் அதில்தான் அழைப்பார். வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்தும் அதில்தான் அழைப்பார்கள். உங்கள் குறுஞ்செய்தியும் அதற்குத்தான் போய்ச் சேரும். கட்டணத்தை நிறுத்தினால் அவன் வீடு திரும்ப மாட்டான். வேறு எண் ஒன்றை எடுப்பான், அந்த எண் உங்களிடம் இருக்காது.

அப்பம்மாவுக்குச் சுகமில்லை என்ற செய்தியும் வேண்டாம். அதைக் கேட்டு ஓடி வரவும் கூடும். வந்து பார்த்தால் அப்பம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் நலமாக இருப்பார். நாளைக்கு உண்மையாகவே அவரை வைத்தியசாலையில் சேர்க்க நேர்ந்தால், அந்தச் செய்தியை அவன் நம்ப மாட்டான். அம்மா பொய் சொல்ல மாட்டார் என்ற எண்ணம் அவனிடம் இன்னும் மிச்சம் இருக்குமானால், அதைச் செலவழித்துவிடாதீர்கள். வரப்போகும் மாதங்களில் உங்களுக்கு அது தேவைப்படும்.

இனி, பெற்ற தாய்க்கே மறைக்கிறார்கள் என்ற உங்கள் வேதனைக்கு வருகிறேன். தங்குமிடத்து வரவேற்பு மேசையில் இருந்து அதே வாசகத்தைச் சொல்ல வேண்டியவளாக நானும் இருந்திருக்கிறேன். மறுமுனையில் ஒரு தாய் அழுவதைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் 16 வயதானவர் பெற்றோரின் பொறுப்பிலிருந்து விலகி வாழச் சட்டம் இடம் தருகிறது. 18 வயதில் அவர் முழுமையாக வயது வந்தவர். உங்கள் மகனுக்கு 19. அவனுடைய சம்மதம் இல்லாமல் அவன் இருக்கும் இடத்தை எந்தத் தங்குமிடமும் யாருக்கும் சொல்லாது. இந்த விதி உங்களுக்காக மட்டும் போடப்பட்டதல்ல. வீட்டில் அடித்துக் கொடுமைப்படுத்திய உறவினரும் தொலைபேசி எடுப்பார், பெண்பிள்ளையைப் பாலியல் தொழிலுக்கு இழுத்தவனும் எடுப்பான், கடன் கொடுத்தவனும் எடுப்பான். "நான் அவருடைய அம்மா" என்று சொல்லி எடுப்பவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். குரலை வைத்து யார் எவரென்று பணியாளரால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லோருக்கும் ஒரே பதில்.

அடுத்த முறை அழைக்கும்போது கேள்வியை மாற்றுங்கள். "என் மகன் அங்கே இருக்கிறானா" என்று கேட்காதீர்கள். "இந்தப் பெயரில் ஒருவர் அங்கே இருந்தால், அல்லது பிறகு வந்தால், இந்தச் செய்தியை அவரிடம் கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். இருக்கிறான் என்றோ இல்லை என்றோ அப்போதும் சொல்ல மாட்டார்கள், ஆனால் செய்தியைக் குறித்து வைத்துக்கொள்ள அவர்களால் முடியும். உயிருக்கு ஆபத்தோ என்று உண்மையாகவே பயந்தால் பொலிஸில் முறையிடலாம். அவர்கள் தேடிப் பார்த்து, நலமாக இருக்கிறார் என்பதை உங்களுக்குச் சொல்வார்கள். வயது வந்தவர் விரும்பாவிட்டால் இடத்தைச் சொல்ல மாட்டார்கள், இழுத்துக்கொண்டு வரவும் மாட்டார்கள்.

தங்குமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய ஆட்களில் பலர் அதை ஒரு பிச்சைக்காரர் மடம் என்றோ, போதைப்பொருள் பாவிப்பவர்களின் கூடாரம் என்றோ நினைக்கிறார்கள். ரொறன்ரோவில் 16 முதல் 24 வயது வரையானவர்களுக்கென்றே தனித் தங்குமிடங்கள் இருக்கின்றன. நகர மையத்தில் கவனன்ட் ஹவுஸ் 1982 முதல் இயங்குகிறது. நோர்த் யோர்க்கில் ஈவாஸ் பிளேஸ் 1994-இல் தொடங்கியது. ஈவா ஸ்மித் என்ற ஜமேக்க வம்சாவளிச் சமூகப் பணியாளர், அந்தப் பகுதியில் பிள்ளைகள் படுக்க இடமில்லாமல் அலைவதைக் கண்டு குரல் கொடுத்தவர். அவருடைய பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். உங்கள் ஸ்காபரோவிலேயே கென்னடி சாலையில் செக்கண்ட் பேஸ் இருக்கிறது. பெரியவர்களுக்கான தங்குமிடங்களிலிருந்து இவற்றைப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. பல வருடம் தெருவில் வாழ்ந்த ஐம்பது வயதுக்காரரோடு பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்தால், பிள்ளை தெருவில் பிழைக்கும் வழிகளைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும்.

வாசலில் கேட்கும் கேள்விகள் குறைவு. பெயர், வயது, ஏதாவது மருந்து எடுக்கிறாயா, ஒவ்வாமை உண்டா, உன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா. ஏன் வீட்டை விட்டு வந்தாய் என்ற விசாரணை முதலிரவில் இல்லை. குளிக்கத் துவாய், மாற்றுடுப்பு, சூடான சாப்பாடு, பூட்டிவைக்க ஓர் அலுமாரி.

அதன் பிறகு தூக்கம். முதல் சில நாட்கள் பல பிள்ளைகள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். ஆனால் அதற்கு முன்பு அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று பாருங்கள். நண்பனின் பெற்றோர் முகம் சுளிக்கத் தொடங்கிய சோபாவில், விடியும்வரை ஓடும் இரவுப் பஸ்ஸில் ஒரு முனைக்கும் மறு முனைக்குமாக, 24 மணி நேரமும் திறந்திருக்கும் கோப்பிக் கடையில் ஒரு கோப்பியை மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு. சப்பாத்தைக் கழற்றாமல், பையைத் தலைக்கு வைத்து, ஒரு கண்ணைத் திறந்துகொண்டு படுத்தவர்கள். தூங்காத மூளையோடு இருக்கும் ஒரு பிள்ளையிடம் எதிர்காலத் திட்டம் கேட்பதில் பயனில்லை.

தூக்கம் தெளிந்ததும் ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், சுகாதார அட்டை, சமூகக் காப்புறுதி எண். இவை இல்லாமல் வங்கிக் கணக்கில்லை, சம்பளமில்லை, வாடகை ஒப்பந்தமில்லை. கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போகும் எந்தப் பிள்ளையும் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு போவதில்லை. மறுபிரதி பெறுவதற்காகப் படிவங்களை நிரப்பி வாரக்கணக்கில் காத்திருப்பதிலேயே தங்குமிட வாழ்க்கையின் முதற் பகுதி கழிந்துவிடும். இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அவனுக்கென்று ஒரு பணியாளரை ஒதுக்குவார்கள். அவருடன் இருந்து பேசி ஒரு திட்டம் எழுத வேண்டும். "உனக்கு என்ன வேண்டும்" என்பதுதான் அதில் முதற் கேள்வி. பல பிள்ளைகள் சொல்லும் முதற் பதில் "தெரியாது". நம்முடைய வீடுகளில் அதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்வதில்லை. "தெரியாது என்றால் என்ன அர்த்தம், எஞ்சினியரிங் படி" என்று முடித்துவிடுவோம். தங்குமிடத்தில் அந்தத் "தெரியாது"-வை அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த கிழமை மறுபடி கேட்பார்கள். சில பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முறையாக அங்கேதான் சொந்தமாக ஒன்றை யோசித்துச் சொல்கிறார்கள். ஒரு பையன் மின்சார வேலை பழக வேண்டும் என்பான். ஒரு பெண் முதலில் பல்வலி தீர வேண்டும் என்பாள். அதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

உங்கள் மகனைப் பற்றி எனக்குத் தோன்றுவதை இங்கே சொல்கிறேன். வகுப்புக்குப் போகாமல், ஆனால் போவதாகக் காட்டிக்கொண்டு, இரண்டு மாதம் காலையில் பையுடன் வீட்டிலிருந்து புறப்பட்டிருக்கிறான். சோம்பேறிக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை, அவன் படுக்கையிலேயே கிடந்திருப்பான். எதையோ தாங்க முடியாமலும் உங்களிடம் சொல்ல முடியாமலும் இருந்தவனாகத்தான் எனக்குத் தெரிகிறான். மனநோய்கள் பெரும்பாலும் 25 வயதுக்கு முன்பே தொடங்குகின்றன. அவனுக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்லவும் கூடாது. ஆனால் இளையோர் தங்குமிடங்களில் தாதியரும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள் அல்லது வந்து பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் இரண்டு மாதம் யாருடைய கண்ணிலும் படாதது அங்கே ஒருவரின் கண்ணில் படக்கூடும்.

இப்போது உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு யார் உதவினார்கள் என்று கேட்கிறார். அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1983-க்குப் பிறகு தனியாக வந்து இறங்கிய அந்தத் தலைமுறை இல்லாவிட்டால் இங்கே நமக்கு ஒரு சமூகமே இருந்திருக்காது. ஆனால் அந்தப் பேஸ்மென்றை யாரோ ஒருவர் தன் பெயரில் வாடகைக்கு எடுத்திருந்தார் அல்லவா? அங்கே போனால் படுக்கலாம் என்று யாரோ முகவரி கொடுத்திருப்பார். அகதி விண்ணப்பத்தை நிரப்ப யாரோ கூட இருந்திருப்பார். சமூகக் காப்புறுதி எண் எங்கே எடுப்பது, எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்த உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று ஓர் அண்ணை சொல்லிக் கொடுத்திருப்பார். முதல் மாதம் வாடகைப் பங்கு கேட்டிருக்க மாட்டார்கள். சென் ஜேம்ஸ் ரவுணிலும் வெல்ஸ்லி வீதிப் பக்கத்து அடுக்குமாடிகளிலும் நம்முடைய இளைஞர்கள் எட்டும் பத்துமாகப் படுத்த அறைகள், பெயர்ப்பலகை இல்லாத இளையோர் தங்குமிடங்கள்தான். பாய் விரித்துக் கொடுத்தவர் "சும்மா இடம் கொடுத்தால் இவன் கெட்டுப்போவான்" என்று நினைக்கவில்லை. உங்கள் கணவர் கெட்டுப்போகவும் இல்லை. இதைக் குற்றச்சாட்டாக அல்லாமல், அவருடைய சொந்த வரலாறாகவே அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சும்மா சாப்பாடு என்பதும் முழு உண்மை அல்ல. இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், அறையையும் சமையற்கட்டையும் முறை வைத்துத் துப்புரவு செய்ய வேண்டும், பகலில் படிப்போ வேலை தேடுவதோ ஏதாவது திட்டம் இருக்க வேண்டும். வேலை கிடைத்தால் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேமிக்கச் சொல்வார்கள், ஏனென்றால் வெளியே போகும்போது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் சேர்த்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பாருங்கள். ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண சமூக உதவியில் தனியாள் ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 733 டொலர், அதில் வாடகைக்கென்று வைத்திருப்பது 390. 2018 முதல் அது கூடவில்லை. ரொறன்ரோவில் ஓர் அறைகொண்ட வீட்டுக்கு 2,000 டொலருக்கு மேல் கேட்கிறார்கள். சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கும் பிள்ளை அபூர்வம். போக இடம் இல்லாமல் இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

தங்குமிடத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் நான் உங்களை ஏமாற்றுபவளாவேன். அது வீடு அல்ல. அறையைப் பகிர வேண்டும், கைபேசி களவு போகும், சண்டை வரும். கட்டில்கள் நிரம்பியிருக்கும் நாட்களில் பிள்ளைகளை வேறு இடம் பார்த்து அனுப்ப நேரும். நீண்ட காலம் அங்கேயே இருப்பது யாருக்கும் நல்லதல்ல. பிள்ளை தன்னை "வீடில்லாதவன்" என்று நினைக்கப் பழகிவிடும். வீடற்ற இளையோரைப் பற்றிய கனடாவின் முதல் தேசிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 47 இடங்களில் 1,103 பேரிடம் கேட்டார்கள். நான்கில் மூன்று பேர் ஒரு முறைக்கு மேல் வீடிழந்தவர்கள். 40 சதவீதத்தினர் 16 வயதுக்கு முன்பே முதன்முறையாக வீடில்லாமல் இருந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் உயர்நிலைப் பள்ளியை இடையில் விட்டவர்கள், ஆனால் அப்படி விட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் திரும்பப் படிக்க விரும்பினார்கள். இந்தக் கடைசி எண்ணை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வதுண்டு.

அதனால் நல்ல தங்குமிடத்தின் அடையாளம், பிள்ளையை அங்கிருந்து விரைவாக நிலையான ஓர் இடத்துக்கு அனுப்புவதும், அனுப்பிய பிறகு கையை விடாமல் இருப்பதும். அதற்கு இடையில் ஒரு படி இருக்கிறது: ஒரு வருடம் அளவில் தங்கி, வாடகை கட்டப் பழகி, வேலை கற்றுக்கொள்ளும் இடைக்கால வீடுகள். ஈவாஸ் 2000-இல் தொடங்கிய பீனிக்ஸ் அப்படிப்பட்டது. அங்கே இளையோருக்கு அச்சுத் தொழில் பழக்க ஓர் அச்சகமே வைத்திருந்தார்கள். இன்னொரு வழி, நிபந்தனை எதுவும் போடாமல் முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு, மற்ற உதவிகளைப் பிறகு கொண்டுபோவது. இதைக் கனடா 2009 முதல் 2013 வரை, ரொறன்ரோ உட்பட ஐந்து நகரங்களில், 110 மில்லியன் டொலர் ஒதுக்கிச் சோதித்துப் பார்த்தது. வீட்டை முதலில் பெற்றவர்கள்தான் வீட்டில் அதிகமாக நிலைத்து நின்றார்கள். இப்போது இளையோருக்கென்று தனியாக அந்த முறையைப் பல இடங்களில் செய்கிறார்கள்.

சொந்த அறை கிடைத்த முதல் மாதம்தான் நான் மிகவும் கவலைப்படும் காலம். தங்குமிடத்தில் எப்போதும் சத்தம், யாராவது ஒருவர் விழித்திருப்பார். தனி அறையில் கதவை மூடினால் யாரும் இல்லை. பயத்தில் நண்பர்களைக் கூட்டி வருவார்கள், வீட்டுக்காரர் முறையிடுவார், அறை பறிபோகும். வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கும் பணியாளர் ஒருவர் இருந்தால் இதைப் பல நேரங்களில் தடுக்கலாம். ஒரு முறை அறையை இழந்து திரும்பி வந்தால் அது தோல்வி என்று நாங்கள் நினைப்பதில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம்.

குடும்பத்துக்கு இதில் இடம் உண்டா என்றால், உண்டு. முன்பு சொன்ன 2016 ஆய்வில் 77 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வந்ததற்கு முக்கிய காரணமாகப் பெற்றோருடன் ஒத்துப்போக முடியாததைச் சொன்னார்கள். ஒத்துப்போக முடியாதது அன்பில்லாதது ஆகாது. குடும்பத்தோடு மீண்டும் பேச உதவும் ஆலோசகர்கள் சில தங்குமிடங்களில் இருக்கிறார்கள். ஈவாஸ் பல வருடங்களாக இதைத் தனித் திட்டமாகவே நடத்துகிறது. அங்கே பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. சிலர் வீடு திரும்புகிறார்கள். சிலர் வெளியே இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து போகிறார்கள். சிலர் தாயோடு மட்டும் பேசுகிறார்கள். மூன்றுமே நல்ல முடிவுகள்தான். ஆனால் எப்போது, யாரோடு பேசுவது என்பதை முதலில் பிள்ளை சொல்ல வேண்டும். திரும்பி வருவதையே முதல் நிபந்தனையாக வைக்கும் குடும்பங்கள்தான் பிள்ளையை அதிக காலம் பார்க்காமல் இருக்கின்றன. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்கள் கடிதத்துக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான பதிலும் இதுதான்.

உங்களிடம் இரண்டு கடினமான கேள்விகள் இருக்கின்றன. "கை ஓங்கினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பு எப்போதாவது அந்தக் கை விழுந்திருக்கிறதா? எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்குள் பதில் சொல்லுங்கள். விழுந்திருந்தால், "வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று அழைக்க உங்களுக்கு உரிமை இல்லை. சரியாகும் வேலையை முதலில் கணவர் செய்ய வேண்டும். இரண்டாவது கேள்வி, நீங்கள் எழுதாததைப் பற்றியது. அந்த ஆய்வில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் தற்பாலீர்ப்போ பால் அடையாளமோ காரணமாகச் சிறுபான்மையாக இருப்பவர்கள். அவர்களுக்கென்றே ரொறன்ரோவில் 2016-இல் வை.எம்.சி.ஏ. ஒரு வீட்டைத் தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் மகன் அப்படி என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. படிப்புக்குப் பின்னால் நீங்கள் அறியாத வேறொன்றும் இருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறேன். அது என்னவாக இருந்தாலும் அவன் சொல்லும்வரை துருவ வேண்டாம். சொல்லும் நாளில் உங்கள் முகம் மாறாமல் இருக்கட்டும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது இது. அவனுடைய பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, சுகாதார அட்டை, சமூகக் காப்புறுதி எண், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை ஓர் உறையில் போடுங்கள். இவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டால் வருவான் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிறகு அவனுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"தம்பி, அம்மா எழுதுகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. உன் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டும் குளிர்கால உடுப்பும் ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே, யாரிடம் தர வேண்டும் என்று சொன்னால் தந்துவிட்டுப் போய்விடுவேன். கைபேசிக் கட்டணம் கட்டியிருக்கிறேன், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். உனக்கு எப்போது பேச விருப்பமோ அப்போது பேசு."

அதில் "மன்னித்துவிட்டோம்" என்று சேர்க்காதீர்கள். "அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டது" என்றும் சேர்க்காதீர்கள். பதில் வராவிட்டால் அடுத்த கிழமை இன்னும் சின்னதாக ஒன்று அனுப்புங்கள். தினமும் அனுப்ப வேண்டாம். பையைக் கொடுக்கச் சொன்னால், கொடுத்துவிட்டு உண்மையாகவே போய்விடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். அவனைக் கூட்டிக்கொண்டு வரக் காரில் மாமாவை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

பணத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மகன் பெயரில் ஆர்.இ.எஸ்.பி. கல்விச் சேமிப்பு வைத்திருந்தால் கோபத்தில் அதை மூடிவிடாதீர்கள். படிப்புக்குப் பயன்படாமல் மூடினால் அரசு சேர்த்த மானியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்கு பல வருடம் திறந்திருக்கலாம். அவன் பிறகு கல்லூரியில் தொழிற்படிப்பு ஒன்றை எடுத்தாலும் உதவும். மற்றது ஒஸாப் மாணவர் நிதியுதவி. அண்மையில் பள்ளி முடித்த மாணவருக்குப் பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பார்கள். குடும்ப உறவு முறிந்துவிட்டது என்று சமூகப் பணியாளர் போன்ற ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்த வருமானத்தைப் பார்க்காமல் பரிசீலிக்க வழி உண்டு. அப்படி ஒரு கடிதம் அவனுக்காக எழுதப்பட்டது என்று நாளைக்கு நீங்கள் கேள்விப்பட்டால் மனமுடைய வேண்டாம். அவன் திரும்பப் படிக்கப் போகிறான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சொந்தக்காரர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "இப்போது தனியாக இருக்கிறான், நலமாக இருக்கிறான்" என்று சொல்லி நிறுத்துங்கள். வெளிநாட்டில் படிக்கிறான் என்பது போன்ற கதைகள் வேண்டாம், பிறகு அந்தக் கதையையும் அவன் சுமக்க வேண்டிவரும். ஆனால் நம்பிக்கையான ஒருவரிடமாவது, உங்கள் அக்காவோ தோழியோ, முழுவதையும் சொல்லி அழுங்கள். தூக்கமில்லாததைக் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். 211 என்ற எண்ணுக்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால், உங்களுக்கும் கணவருக்கும் ஆலோசனை கிடைக்கும் இடங்களைச் சொல்வார்கள். அவனுடைய செய்தியில் எப்போதாவது சாவைப் பற்றிய பேச்சு வந்தால் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைத்து என்ன செய்வதென்று கேளுங்கள்; அந்த எண்ணை அவனுக்கும் அனுப்புங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911.

உங்கள் கணவருக்கு என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.